கரியும் நீரும்: மருதமுனைச் சாயத்தொட்டி முதல் காபன் மென்சவ்வு வரை

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையிற் பெரியநீலாவணையைக் கடந்ததும் மருதமுனை தொடங்குகின்றது. கல்முனையின் வடபால் அமைந்த இவ்வூர் கைத்தறி நெசவினாற் பெயர் பெற்றது. தறியின் ஓசையும், முற்றத்துக் கொடியில் உலரும் வண்ண நூற்கழிகளும் அவ்வூரின் அடையாளங்கள். அங்கு நெய்யப்பெறும் சாரமும் சேலையும் நாடெங்கும் விலைபோயின. நெசவைப் பற்றிப் பேசுவோர் நூலைப் பற்றியும் தறியைப் பற்றியும் பேசுவர். சந்தையைப் பற்றியும் பேசுவர். ஆயின் நூலைத் தோய்த்தெடுத்த பின்னர்த் தொட்டியில் எஞ்சும் நீரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே.

அந்நீரைத் தூய்மை செய்வதற்கு இன்று விஞ்ஞானம் புதியதொரு கருவியை முன்வைக்கின்றது. காபன் என்னும் மூலகத்தை அணுவளவில் ஒழுங்குபடுத்தி அமைக்கும் மிக நுண்ணிய மென்சவ்வே அது. இக்கருவி எவ்வழி வந்தது, அதன் ஆற்றல் யாது, நமது கரையோர ஊர்களுக்கு அது எவ்வாறு பொருந்தும் என்பனவற்றை வரலாற்று முறையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மணற்கரையும் கிணறும்

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை எனத் தொடரும் ஊர்கள் ஒடுங்கியதொரு மணற்பரப்பின்மீது அமைந்தவை. கிழக்கே கடல், மேற்கே வயலும் களப்பும். இம்மணலிற் சில முழம் தோண்டினால் நீர் ஊறும். மழைநீர் விரைந்து மண்ணுட் புகுவதாலேயே இது இயல்கின்றது. ஆயின் மழைநீரை உள்வாங்கும் அதே மணல், முற்றத்தில் ஊற்றப்படும் எந்நீரையும் உள்வாங்கும். சவர்க்கார நீரும் மலசலகூடக் குழியின் கசிவும் சாய நீரும் ஒரே மணல்வழி இறங்குகின்றன. வீடுகள் நெருங்கியுள்ள ஊரிற் கிணற்றுக்கும் கழிவுக்குமிடையே உள்ள தொலைவு மிகச் சிறிது. உட்பகுதிக் குளங்களின் நீர் சுத்திகரிக்கப்பட்டுக் குழாய்வழி வரத் தொடங்கிய பின்னரும் கிணறுகள் கைவிடப்படவில்லை.

இக்கிணறுகள் எத்துணை மெல்லிய பாதுகாப்புடையவை என்பதை 2004 டிசம்பர் 26ஆம் நாள் காட்டியது. அன்று எழுந்த ஆழிப்பேரலையினால் இலங்கையில் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. வீடுகளோடு தறிகளும் அழிந்தன. கடல்நீர் புகுந்த கிணறுகள் உவர்த்தன. அவற்றை விரைந்து இறைத்துத் தூய்மையாக்க முற்பட்டபோது, அளவுக்கு மீறிய இறைப்பு நிலத்தடி உவர்நீரை மேலும் இழுத்துவரும் என்று நீரியலாளர் எச்சரிக்க நேர்ந்தது.

நீரின் தூய்மை பற்றிய தெளிவான சிந்தனை இவ்வூர் மக்களுக்குப் புதியதன்று. இக்கரையின் முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் சட்ட நூல்கள் நீரைப் பற்றிய ஆராய்ச்சியோடே தொடங்குகின்றன. இரண்டு குல்லத் அளவுக்குக் குறைந்த நீரில் அசுத்தம் சேர்ந்தால் அந்நீர் அசுத்தமாகிவிடும். அவ்வளவை எய்திய நீரோ, நிறம், சுவை, மணம் என்னும் மூன்றில் ஒன்று மாறினாலன்றி அசுத்தமாகாது. நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் ஒன்றேகால் முழமுடைய தொட்டி இவ்வளவைக் கொள்ளும். பள்ளிவாசலின் ஹவுழைக் கட்டியோர் இக்கணக்கை அறிந்தே கட்டினர். அளவும் புலனறிவும் இணைந்த இவ்வளவுகோல் பல நூற்றாண்டு மக்களைக் காத்தது. இன்றைய கழிவுகளிற் பலவோ நிறமும் சுவையும் மணமும் காட்டாது நீரில் மறைந்திருக்க வல்லவை. சாய நீரின் நிறம் கண்ணுக்குத் தெரியும். அதனோடு கலந்துவரும் உப்பும் உலோகமும் தெரியா. பழைய நெறியின் நோக்கத்தைப் பேணுவதற்கே புதிய கருவிகள் நமக்கு வேண்டியுள்ளன.

சாயத்தில் நேர்ந்த மாற்றம்

ஈழத்திற் சாயத்தின் வரலாறு நீண்டது. சாயவேர் என்னும் சிறு செடியின் வேரிலிருந்து செந்நிறம் பெறப்பட்டது. யாழ்ப்பாணம், மன்னார்ப் பகுதிகளிற் சாயவேர் தோண்டுதலை ஒல்லாந்தர் தமது வருவாய்த் துறைகளுள் ஒன்றாக்கியிருந்தனர். நீல நிறத்துக்கு அவுரி பயன்பட்டது. இவையெல்லாம் மாசற்றவை என்று கூறுவதற்கில்லை. அவுரித் தொட்டியின் நாற்றத்தை அறிந்தோர் அதனைப் புகழார். எனினும் அவற்றின் அளவு சிறிது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காலப்போக்கில் அவற்றைச் சிதைத்துவிடும்.

1856ஆம் ஆண்டு வில்லியம் பேர்க்கின் என்னும் ஆங்கில இளைஞர் நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு ஊதாச் சாயமொன்றை ஆக்கினார். 1897இல் யேர்மனியிற் செயற்கை நீலம் வணிகப் பொருளாயிற்று; வங்காளத்திலும் தமிழகத்திலும் அவுரி வணிகம் சரிந்தது. 1901இல் றெனே போன் கண்டறிந்த இன்டந்திரீன் என்னும் சாயம் வெயிலிலும் சலவையிலும் வெளிறாத தன்மையாற் கைத்தறியாளரின் விருப்பத்துக்குரியதாயிற்று. எரிசோடாவும் சோடியம் ஐதரோசல்பைற்றும் சேர்த்தே இதனைக் கரைத்தல் வேண்டும். 1956இற் பிரித்தானியாவிலிருந்து தாக்கச் சாயங்கள் சந்தைக்கு வந்தன. இவை பருத்தி இழையோடு இரசாயனப் பிணைப்புக் கொள்பவை. இப்பிணைப்புக்கு மிகுந்த உப்பும் சோடாவும் வேண்டும். சாயத்தின் கணிசமான பங்கு இழையிற் பற்றாது நீரோடு வெளியேறும்.

ஒரு சாயம் நற்சாயம் எனப்படுவது, அது வெயிலுக்கும் நீருக்கும் சவர்க்காரத்துக்கும் அழியாதிருப்பதால். அதே பண்பினாலேயே மண்ணிலும் நீரிலும் அது அழியாதிருக்கின்றது. துணியின் சிறப்பு எதுவோ அதுவே கிணற்றின் கேடாகின்றது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய 1970 முதல் 1977 வரையான காலத்தில் உள்நாட்டு நெசவு தழைத்தது. 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் மலிவான வெளிநாட்டுத் துணியோடு அது போட்டியிட நேர்ந்தது. நலிவுற்ற கைத்தொழிலொன்றிடம் கழிவுநீருக்காகப் பெருஞ்செலவு செய்க என்று கூறுதல் எளிதன்று. சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது.

கரியின் தொண்டு

கலங்கிய நீரைத் தெளிவிக்கத் தமிழர் அறிந்த பழைய முறை தேற்றா வித்தைப் பானையின் உட்புறத்தில் உரைப்பதாகும். கலித்தொகை இதனை உவமையாக எடுத்தாளுமளவுக்கு அம்முறை பழமையானது. ஈண்டு ஒன்றைக் கருதல் வேண்டும்: வித்து கலங்கலை அழிக்கவில்லை, அதனைத் திரட்டிப் பானையின் அடியிற் படியச்செய்தது. தெளிந்த நீரை மேலிருந்து மொண்டபின், அடியில் நின்ற சேற்றை எங்கேனும் கொட்டவே வேண்டியிருந்தது.

கரியின் தொண்டும் இத்தகையதே. 1785இற் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் வாழ்ந்த தோபியாஸ் லோவிற்ஸ் என்னும் இரசாயனர், பழுப்பேறிய கரைசலொன்று கரித்தூளோடு சேர்ந்தபோது நிறமிழந்து தெளிவதைக் கண்டார். சில ஆண்டுகளிற் சர்க்கரையை வெளுக்கச்செய்யும் ஆலைகள் கரியைக் கைக்கொண்டன. கரியின் உட்புறத்தே எண்ணிறந்த நுண்டுளைகள் உள்ளன. அவற்றின் சுவர்களில் நிறப்பொருள் ஒட்டிக்கொள்கின்றது. இதனைப் புறத்துறிஞ்சல் என்பர். நீராவியால் அத்துளைகளைப் பெருக்கிய கரியே உயிர்ப்பூட்டிய கரி. அதன் ஒரு கிராமின் உட்பரப்பு ஆயிரம் சதுர மீற்றரை எட்டவும் கூடும்.

முதலாம் உலகப் போரில் நச்சுவாயு பயன்படுத்தப்பட்டபோது, முகமூடிகளுக்குரிய சிறந்த கரி தேங்காய்ச் சிரட்டையிலிருந்து கிடைப்பது என்று கண்டனர். நம் ஊரிற் பொற்கொல்லரின் உலையிலும் சலவைக்காரரின் பெட்டியிலும் கனன்ற சிரட்டைக்கரி உலகச் சந்தையில் மதிப்புப் பெற்றது. 1973இல் ஹேகாப் நிறுவனம் தொடங்கியபின் இலங்கை உயிர்ப்பூட்டிய கரியை ஏற்றுமதி செய்யும் முன்னணி நாடுகளுள் ஒன்றாயிற்று. எனினும் கரிக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் துளைகள் நிரம்பியபின் அது பயனற்றது. சூடேற்றிப் புதுப்பித்தல் வேண்டும், இன்றேல் எறிதல் வேண்டும். எறியும் இடத்தில் அழுக்கும் உடன் செல்கின்றது.

மென்சவ்வின் வருகை

கரி ஒட்டவைத்துப் பிரிப்பது. மென்சவ்வு தடுத்துப் பிரிப்பது. 1748இற் பிரான்சியத் துறவி நொலே, மதுசாரம் நிறைந்த பாத்திரத்தின் வாயை விலங்கின் சிறுநீர்ப்பையாற் கட்டி நீரில் அமிழ்த்தினார். நீர் உட்புகுந்து பை புடைத்தது. மதுசாரம் அவ்வளவாக வெளியேறவில்லை. பிரசாரணம் என நாம் பாடநூலிற் கற்கும் நிகழ்வு இவ்வாறே ஆய்வுக்கு வந்தது. 1861இல் தோமஸ் கிரகாம், மென்சவ்வின் வழியே கரைபொருளையும் கூழ்ப்பொருளையும் பிரிக்கும் முறையை விளக்கினார்.

அழுத்தத்தைச் செலுத்தி இந்நிகழ்வை எதிர்த்திசையில் நடத்தினால் உவர்நீரிலிருந்து நன்னீர் பெறலாம் என்பது கொள்கையளவில் அறியப்பட்டிருந்தது. அதற்கேற்ற மென்சவ்வுதான் இல்லை. 1959ஆம் ஆண்டளவில் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லொஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் சிட்னி லோப் என்பவரும் இந்தியாவிற் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் செலுலோசு அசற்றேற்றினால் அத்தகைய மென்சவ்வை ஆக்கினர். மேற்புறம் மிக மெல்லிய அடர்படை. கீழே நுண்டுளை நிறைந்த தாங்குபடை. நீர் விரைந்து சென்றது, உப்பு தடைப்பட்டது. 1965இற் கலிபோர்னியாவின் கோலிங்கா நகரம் இம்முறையாற் குடிநீர் பெறத் தொடங்கியது. பின்னர் வந்த பொலியமைட்டு மென்சவ்வுகள் இன்றளவும் எதிர்ப் பிரசாரண ஆலைகளிற் பணிசெய்கின்றன.

கரியே மென்சவ்வாதல்

காபனைக் கொண்டே மென்சவ்வை ஆக்குதல் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த கண்டுபிடிப்புக்களால் எழுந்தது. 1991இல் யப்பானிய அறிஞர் சுமியோ இயீசிமா காபன் நுண்குழாய்களை விளக்கி எழுதினார். காரீயத்தின் ஒற்றைப் படையைச் சுருட்டினாற்போன்ற குழாய்கள் இவை. விட்டம் சில நானோமீற்றர். ஒரு நானோமீற்றர் என்பது ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு. 2004இல் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் அந்திரே கெய்ம், கொன்ஸ்ரன்ரின் நோவோசெலோவ் ஆகியோர் ஒற்றைப் படையையே பிரித்தெடுத்தனர். கிராபீன் எனப்படும் இது அவர்களுக்கு 2010இல் நோபெல் பரிசை ஈட்டித் தந்தது.

இக்குழாய்களினூடே நீர் செல்லுமா? காபனின் சுவர் நீரை விரும்பாதது. ஆதலால் நீர் உட்புகாது என்றே பலரும் கருதுவர். இவ்வினாவுக்கு விடைகண்டோருள் ஒருவர் நம்மவர் என்பது மகிழ்ச்சிக்குரியது. இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பயின்று, அமெரிக்காவின் மேயின் பல்கலைக்கழகத்தில் இரசாயனப் பேராசிரியராக விளங்கிய ஜயேந்திரன் இராசையா, கெர்ஹார்ட் ஹம்மர், நோவோறிற்றா ஆகியோருடன் இணைந்து 2001இல் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினியில் நிகழ்த்திய அவ்வாய்வில், ஒரு நானோமீற்றருக்கும் குறைந்த விட்டமுடைய குழாயுள் நீர் மூலக்கூறுகள் தாமாகவே புகுந்து, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்று விரைந்து கடந்தன. வழுவழுப்பான சுவர் அவற்றைப் பற்றி நிறுத்தாமையே அவ்விரைவுக்குக் காரணம்.

2004இற் பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தினரும் அமெரிக்காவிற் பணிபுரிந்த புளிக்கல் அஜயனின் குழுவினரும் இணைந்து நுண்குழாய்களாலேயே ஓர் உருளை வடிகட்டியை அமைத்தனர். அது நீரிலிருந்து பற்றீரியாக்களையும் இளம்பிள்ளைவாத வைரசையும் தடுத்தது. சூடேற்றிச் சுத்திசெய்து மீண்டும் பயன்படுத்தக்கூடியதாயும் இருந்தது. 2006இற் கலிபோர்னியாவின் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் இரண்டு நானோமீற்றருக்குட்பட்ட குழாய்களில் நீரின் ஓட்டத்தை அளந்தபோது, வழக்கமான பாய்பொருட் கணிப்பைவிட அது ஆயிரம் மடங்குக்கும் மேலாக மிகுந்திருந்தது. 2012இல் மான்செஸ்ரரில் கேரளத்தவரான இராகுல் நாயரும் குழுவினரும், ஒட்சியேற்றிய கிராபீன் ஏடுகளை அடுக்கியமைத்த மென்சவ்வு ஈலியம் வாயுவைக்கூடத் தடுத்து நீராவிக்கு மட்டும் வழிவிடுவதைக் காட்டினர்.

ஈண்டு நமது நாட்டின் பங்கும் குறிப்பிடத்தக்கது. போகலை, கஹட்டகஹா ஆகிய இடங்களின் நரம்புக் காரீயம் மிகத் தூயது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது ஐரோப்பாவின் உலோக உருக்கு மூசைகளுக்காகக் கப்பலேறியது. 2008இல் நிறுவப்பட்ட இலங்கை நானோ தொழினுட்ப நிறுவகம் அக்காரீயத்தைக் கிராபீனாக மாற்றும் ஆய்வில் ஈடுபட்டது. மூலப்பொருளை விற்று முடிபொருளை வாங்கும் பழைய வரலாறு இத்துறையிலேனும் மாறுமா என்பது நம் மாணவர் கையிலுள்ளது.

குறையே குணமாதல்

இம்மென்சவ்வுகள் இன்னும் ஆய்வகத்தின் எல்லையை முழுமையாகத் தாண்டவில்லை. நுண்குழாய்களை ஒரே திசையில் நிறுத்திப் பெரும்பரப்பில் அமைப்பது அரிது. கிராபீன் ஒட்சைட்டு ஏடுகள் நீரில் ஊறி விலகுகின்றன. 2014இல் வெளியான மான்செஸ்ரர் ஆய்வின்படி, நீரில் ஊறிய மென்சவ்வு 4.5 ஆங்சுத்திரோமுக்கு மேற்பட்ட நீரேற்ற ஆரையுடைய துணிக்கைகளைத் தடுக்கின்றது. கறியுப்பின் அயன்கள் அதனிற் சிறியவையாதலால் தப்பிச் செல்கின்றன. கடல்நீரை நன்னீராக்க விரும்புவோர்க்கு இது பெருங்குறை. அதனாலேயே ஏடுகளின் இடைவெளியைக் கட்டுப்படுத்தும் வழிகளைப் பின்னர்த் தேடினர்.

சாயத் தொழிலுக்கோ இக்குறை குணமாகின்றது. சாய மூலக்கூறு பெரிது. உப்பின் அயன் சிறிது. சாயத்தைத் தடுத்து உப்பு நீரைக் கடக்கவிடும் மென்சவ்வு கிடைப்பின், நிறமற்ற அவ்வுப்புநீரை அடுத்த தொட்டிக்கே பயன்படுத்தலாம். புதிய உப்பும் மிச்சம். புதிய நீரும் மிச்சம். உப்பையும் தடுக்கும் எதிர்ப் பிரசாரணத்தினும் குறைந்த அழுத்தமே இதற்குப் போதும். எனவே மின்செலவும் குறையும். சிறு தொழிலாளர் தாங்கக்கூடிய முறை இவ்வழியிலேயே தோன்றக்கூடும்.

திருப்பூர் தரும் பாடம்

எனினும் கருவி மட்டும் ஊரைக் காக்குமா? இதற்கு விடை காணத் தமிழகத்தின் திருப்பூரை நோக்குதல் வேண்டும். பின்னலாடை ஏற்றுமதியால் வளர்ந்த அந்நகரின் சாய ஆலைகள் நொய்யலாற்றங்கரையில் அமைந்தவை. வெள்ளியங்கிரி மலையிலே தோன்றிக் காவிரியோடு கலக்கும் நொய்யலின் குறுக்கே, பாசனத்துக்காக ஒரத்துப்பாளையம் அணை 1992இற் கட்டிமுடிக்கப்பட்டது. விரைவிலேயே அது சாயக் கழிவின் தேக்கமாயிற்று. வயல்கள் உவர்த்தன, கிணறுகள் கெட்டன. உழவர் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீர் ஒரு துளியும் வெளியேறக்கூடாது என்னும் நெறியை 2006இல் வலியுறுத்திய சென்னை உயர் நீதிமன்றம், அது நிறைவேறாமை கண்டு 2011 சனவரியிற் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. எழுநூற்றுக்கு மேற்பட்ட ஆலைகள் நின்றன; பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர்.

பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் எதிர்ப் பிரசாரண மென்சவ்வுகளும் ஆவியாக்கிகளும் செம்மைப்படுத்தப்பட்டன. நீரின் பெரும்பகுதி மீட்கப்பட்டது. உப்பின் ஒரு பகுதியும் மீண்டும் பயன்பட்டது. ஆயின் கலப்பு உப்பும் சேறும் எஞ்சின. அவற்றை மழைபடாது காத்துவைத்தல் புதியதொரு சுமையாயிற்று. தேற்றா வித்தின் காலத்திற் பானையடியில் நின்ற சேறு, இன்று மூட்டைகளாகக் கிடங்கில் நிற்கின்றது. இரண்டாயிரம் ஆண்டுகளிற் பிரிக்கும் திறன் வளர்ந்தது. பிரித்ததை என் செய்வது என்னும் வினா மட்டும் அவ்வாறே நிற்கின்றது.

முடிவுரை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது ஒன்றே. வித்தும் கரியும் மென்சவ்வும் அழுக்கை அழிப்பனவல்ல. அதனை ஓரிடத்தில் ஒடுக்குவன. ஒடுக்கப்பட்டதற்கு உடையவர் யார் என்பதை முன்னரே வரையறுக்காத ஊரில், மிகச்சிறந்த மென்சவ்வும் மாசினை ஒரு கிணற்றிலிருந்து மற்றொரு கிணற்றுக்கு இடம்மாற்றுவதாகவே முடியும்.

மருதமுனை திருப்பூரன்று. அதன் சாயநீரின் அளவு சிறிது. அதுவே அதன் நல்வாய்ப்பு. சிறிதாயிருக்கும்போதே ஒழுங்குபடுத்துதல் எளிது. வீடுதோறும் தோய்த்து முற்றந்தோறும் ஊற்றுவதை விடுத்து, நெசவாளர் பொதுச் சாயக்கூடமொன்றை அமைத்துக்கொள்வாராயின், கழிவுநீர் ஓரிடத்திற் சேரும். முதற்கட்டமாகச் சிரட்டைக்கரியும், இயலுங்காலத்து மென்சவ்வும் அங்குப் பணிசெய்யலாம். எஞ்சும் சாயச்சேற்றைப் பொறுப்பேற்பது மாநகர சபையின் கடமையென எழுத்தில் வரையறுக்கப்படல் வேண்டும். அச்செலவை நெசவாளர் தலைமேல் மட்டும் ஏற்றுவது முறையன்று. துணியை உடுத்துவோரும் அதிற் பங்குடையர்.

1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தோன்றி அடுத்த ஆண்டிற் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலிலேயே உள்ளது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் உள்ளது. மருதமுனைச் சாயத்தொட்டிக்கும் அவற்றின் ஆய்வுகூடங்களுக்குமிடையே நெடுந்தொலைவு இல்லை. மாணவர் செய்யத்தக்க முதற்பணி மென்சவ்வை ஆக்குவதன்று. ஊர்க் கிணறுகளின் நீரை ஆண்டுதோறும் அளந்து, அக்கணக்கை ஊரார் அறியத் தமிழில் எழுதிவைப்பதாகும். நிறம், சுவை, மணம் என்னும் மூன்று அடையாளங்களை நம் முன்னோர் மக்கள் அனைவர்க்கும் கற்பித்தனர். அவற்றாற் காணவியலாதவற்றை நம் தலைமுறை அளந்து காட்டுமாயின், அது அவர்தம் பணியின் தொடர்ச்சியாகும்.